லட்சம் கட்டுவதற்கு முன் வகுப்பைப் பாருங்கள்

"அக்கா, வேலையை விடாம ஆன்லைன்ல ஒரு எக்ஸிக்யூட்டிவ் புரோகிராம் பண்ணலாம்னு இருக்கேன், சேரலாமா?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மெட்டீரியல்ஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டே வேலையில் இருப்பவர்களுக்கான அப்படி ஒரு மேலாண்மைப் படிப்பை முடித்தவள் என்பதால் கேட்கிறார்கள். இன்பாக்ஸில் துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட, நினைப்பதை முழுதாக இங்கே எழுதிவிடுகிறேன்.

சேரலாம். ஆனால் கட்டும் பணம் எதற்கு என்று தெரிந்துகொண்டு சேருங்கள். பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. நேரலையில் உங்களை மறித்துக் கேள்வி கேட்கும் பேராசிரியர் ஒருவர், வேறு வேறு தொழில்களிலிருந்து வந்து உங்களோடு வாதாடும் முப்பது நாற்பது பேர், இவர்களுக்காகத்தான் அந்தப் பணம். இது இல்லாத புரோகிராம் எவ்வளவு பெரிய கல்லூரியின் முத்திரையோடு வந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பாடம் இலவசம் என்று சும்மா சொல்லவில்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஆபரேஷன்ஸ், நிதி மேலாண்மை, புள்ளியியல் என்று எல்லாமே இருக்கிறது. பார்க்கப் பைசா வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக் கட்டணம் கட்டி, நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். பெங்களூரு ஐ.ஐ.எம். 2014-இலேயே எடெக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் பாடங்களை வைக்கத் தொடங்கிவிட்டது. பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிய வேண்டும், எக்ஸெல்லில் ஃபோர்காஸ்ட் போடத் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் தேவை என்றால் இங்கேயே படித்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் கட்ட வேண்டியதே இல்லை.

ஆனால் வீடியோ பார்த்துத் தனியாகப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எடெக்ஸில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து 2019-இல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிலேயே பாதிக்கு மேல் முடிக்கவில்லை. எட்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த ஒருவர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை மூடுவதில் குற்றம் என்ன இருக்கிறது? அந்தப் பக்கம் அவருக்காக யாரும் காத்திருக்கவில்லை. வாரக் கடைசியில் நேரலை வகுப்பு, குழுவில் ஐந்து பேர், திங்களுக்குள் அலசிக் கொடுக்க வேண்டிய கேஸ் (ஒரு நிறுவனத்தின் உண்மை நிலவரத்தை வைத்து எழுதிய பாடம்) என்றால் கதையே வேறு. நாம் வராவிட்டால் அந்த ஐந்து பேரும் சிரமப்படுவார்கள்.

அப்படிப்பட்ட வகுப்பு எனக்கு என்ன செய்தது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன்.

சப்ளை செயின் பாடத்தை எங்கள் பேராசிரியர் ஸ்லைடு போட்டுத் தொடங்கவில்லை. 'பீர் கேம்' விளையாட வைத்தார். எம்.ஐ.டி.யில் 1960-களில் உருவான விளையாட்டு இது. கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பேர். தனக்கு முன்னால் நிற்பவர் போடும் ஆர்டர் மட்டும்தான் ஒவ்வொருவர் கண்ணிலும் படும். பேசிக்கொள்ளக் கூடாது. ஆர்டர் போட்ட சரக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். சரக்கு தேங்கினால் ஒரு செலவு, கேட்ட சரக்கைக் கொடுக்க முடியாமல் போனால் அதைப்போல இரு மடங்கு செலவு.

எங்கள் குழுவில் நான் தொழிற்சாலை. கடைக்காரர் புனேயில் ஒரு வங்கி அதிகாரி, மொத்த வியாபாரி கொச்சியில் மருந்து விற்பனையில் இருப்பவர், விநியோகஸ்தர் ஐதராபாத் ஐ.டி.காரர். சில சுற்றுகளிலேயே எனக்கு வந்த ஆர்டர் எகிறியது. நானும் உற்பத்தியைக் கூட்டினேன். சரக்கு தயாரானபோது ஆர்டர் பூஜ்யமாகிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் வாடிக்கையாளர்கள் உண்மையில் கேட்ட அளவைப் பேராசிரியர் திரையில் காட்டினார். முதலில் வாரத்துக்கு 4 பெட்டி. பிறகு ஒரே ஒரு முறை 8 ஆக ஏறி, கடைசிவரை 8-லேயே நின்றது. நடுவில் நடந்த அத்தனை ஏற்ற இறக்கமும் நாங்கள் நால்வர் உண்டாக்கியது. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் டயப்பர் விற்பனையில் இதையேதான் கண்டது. குழந்தைகள் டயப்பரை ஒரே சீராகத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் ஆர்டர்கள் மேலே போகப் போகத் தாறுமாறாக ஆடின. 'புல்விப் எஃபெக்ட்' என்று அதற்குப் பெயர்.

இதுவரை நான் சொன்னது எந்தப் புத்தகத்திலும் இருக்கும். அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் பணம் கட்டியதற்கான பலன். பேராசிரியர் என் பெயரைச் சொல்லி, "மேடம், எப்போது எவ்வளவு வேண்டும் என்று வாடிக்கையாளரிடமிருந்து வரும் ஷெட்யூலை, உங்களுக்குச் சரக்கு தரும் வெண்டருக்கு அப்படியே காட்டுவீர்களா?" என்று கேட்டார். மாட்டோம் என்றேன். எங்கள் தொழிலில் யாருமே காட்டுவதில்லை. ஒரு மாதத்துக்கு உறுதியான ஷெட்யூல் வரும், அடுத்த மாதங்களுக்கு உத்தேசமாக வரும். நாங்கள் கொஞ்சம் கூட்டி வெண்டருக்குப் போடுவோம், அவர் கொஞ்சம் கூட்டி இரும்பை அடித்து உருவம் கொடுக்கும் ஃபோர்ஜிங்காரருக்குப் போடுவார். ஏன் காட்டுவதில்லை என்று அடுத்த கேள்வி. காட்டினால் விலை பேசும்போது நம் கை தாழ்ந்துவிடும் என்றேன். கொச்சிக்காரர் விடவில்லை. மருந்துத் தொழிலில் ஸ்டாக்கிஸ்ட்டின் விற்பனைக் கணக்கைக் கம்பெனி பார்ப்பது சாதாரணம், அதனால் யாருடைய கையும் தாழ்ந்ததில்லை என்றார். வங்கி அதிகாரி வேறு பக்கமிருந்து வந்தார். உங்கள் வெண்டர் தேக்கி வைத்திருக்கும் ஸ்டாக்குக்கு என் வங்கியில்தான் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கடன் வாங்குகிறார், அந்த வட்டி சுற்றி வந்து உங்கள் விலையில்தான் ஏறுகிறது என்றார். இருபது நிமிடம் சண்டை. ஒரே தொழிலில் இருக்கும் நாங்கள் எத்தனை மீட்டிங் போட்டிருந்தாலும் இந்த வாதம் எங்களுக்குள் எழுந்திருக்காது.

முக்கியமான வெண்டர்களுக்கு வாராவாரம் ஷெட்யூலைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே அனுப்ப எங்கள் மேலாளரைச் சம்மதிக்க வைத்தேன். அவர்கள் பக்கம் தேங்கும் சரக்கு குறைந்தது. மாதக் கடைசியில் அவசரத்துக்கு வண்டி பிடிப்பதும் குறைந்தது.

இன்னொரு வகுப்பில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கேஸ். ஹார்வர்டில் 1993-இல் எழுதப்பட்டது, இன்றும் உலகம் முழுக்க மேலாண்மை வகுப்புகளில் பேசப்படுகிறது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. ஒரு நோயாளிக்கு அறுவை முடிவதற்குள் பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். தயார்ப்படுத்தும் வேலை முழுவதையும் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்த்துக்கொள்வதால் மருத்துவரின் நேரம் அறுவைக்கு மட்டுமே போகும். வடக்கிலிருந்து வந்த பலருக்கு அது செயல்திறன் பற்றிய பாடம். தன் பாட்டி அங்கே கண்புரை எடுத்துக்கொண்டதைச் சொல்லி, அந்தப் பெண்களின் பயிற்சியையும் மரியாதையையும் கணக்கில் எடுக்காமல் இந்த முறையை வேறு ஊரில் நகலெடுக்க முடியாது என்று வாதிட்டார் எங்கள் வகுப்பில் இருந்த விருதுநகர்க்காரர். கேஸில் அச்சாகியிருப்பது பாதி. மீதி வகுப்பில் இருப்பவர்களிடமிருந்து வருகிறது.

அதனால்தான் யாரோடு படிக்கப் போகிறோம் என்பதை முதலில் விசாரியுங்கள் என்கிறேன். போனில் பேசும் 'கவுன்சிலர்' விற்பனைப் பிரிவில் இருப்பவர். அவர் தம்பி, தங்கை என்று அன்பாகத்தான் பேசுவார். இன்றிரவுக்குள் சேர்ந்தால் ஸ்காலர்ஷிப் என்பார். அவரிடம் கேளுங்கள்: மொத்த மணி நேரத்தில் நேரலை எவ்வளவு, பதிவு செய்த வீடியோ எவ்வளவு? ஒரு பேட்சில் எத்தனை பேர்? நாற்பது பேர் என்றால் வகுப்பு, முந்நூறு பேர் என்றால் அது கூட்டம். மைக்கை மியூட் செய்துவிட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. எடுப்பவர் அந்தக் கல்லூரியின் பேராசிரியரா, வெளியிலிருந்து வருபவரா? அசைன்மென்ட்டைத் திருத்தி இரண்டு வரி எழுதித் தருபவர் யார்? சேர்க்கைக்குக் குறைந்தபட்ச அனுபவம் உண்மையாகவே பார்க்கிறார்களா, பணம் கட்டினால் யாரையும் சேர்ப்பார்களா? பதில் எழுத்தில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பணத்தில் இரண்டு விஷயம். விளம்பரத்தில் இருக்கும் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும், 2 லட்சத்துக்கு 36,000. அடுத்து, 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று சொல்லி ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அது உங்கள் பெயரில் இருக்கும் கடன். பாதியில் படிப்பை விட்டாலும் தவணை நிற்காது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி வேலை போய் வகுப்பையும் விட்ட பிறகு மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தான். பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சான்றிதழைப் பற்றியும் தெளிவு வேண்டும். ஐ.ஐ.எம்.களுக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஆனால் சில மாத எக்ஸிக்யூட்டிவ் சான்றிதழ் எம்.பி.ஏ. பட்டம் ஆகிவிடாது. அதை வைத்து மேற்படிப்புக்கோ, பட்டம் கேட்கும் அரசு வேலைக்கோ விண்ணப்பிக்க முடியாது. நிறைவுச் சான்றிதழ், பங்கேற்புச் சான்றிதழ் என்று இரண்டு வகை பல இடங்களில் உண்டு. மதிப்பீட்டில் தேறாதவருக்கு இரண்டாவதுதான் கிடைக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும், "ஆன்லைன் சர்டிபிகேட்தானே, காசு கொடுத்தா யாருக்கும் கிடைக்கும்" என்று இளக்காரமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இதே பேச்சை முந்தைய தலைமுறையும் கேட்டது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல். பகலில் வேலை, ராத்திரியில் தபாலில் வந்த பாடம் என்று படித்து எம்.ஏ. முடித்த எத்தனை ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்! அவர்களையும் "கரஸ்ல படிச்சவர்" என்று ஒரு படி கீழேதான் வைத்தோம். அவர்கள் படித்ததால்தான் நம்மில் பலர் கல்லூரிக்குப் போனோம்.

பெண்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வாரம் மூன்று நாள் மாலை வகுப்புக்குப் போய், சில்க் போர்டு டிராஃபிக்கில் திரும்பி வருவது பத்து வயதுப் பிள்ளை இருக்கும் ஒரு பெண்ணால் ஆகாது. வீட்டில் ஒரு மேசையும் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும் கிடைத்தால் அவளால் படிக்க முடியும். அந்த மூன்று மணி நேரம் "அம்மா கிளாஸ்ல இருக்கா" என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். என் மாமியாரும் கணவரும் ஒத்துக்கொண்டார்கள். சமையலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சேருவதற்கு முன்பே இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். இது கட்டணத்தைவிடப் பெரிய செலவு.

கடைசியாக, இதைப் படிக்கும் முதலாளிகளிடமும் ஹெச்.ஆர். நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் ஹார்வர்ட் 1945-இல் தன் மேல்நிலை மேலாண்மைப் படிப்பைத் தொடங்கியபோதும், 1956-இல் ஐதராபாத்தில் நிர்வாகப் பணியாளர் கல்லூரி உருவானபோதும், நிறுவனங்கள் தம் ஆட்களை வேலையிலிருந்து விடுவித்து, செலவையும் ஏற்று அனுப்பின. ஆன்லைன் வந்த பிறகு ஊழியர் தன் காசில், தன் ஞாயிற்றுக்கிழமையில் படிக்கிறார். பலன் நிறுவனத்துக்கும் போகிறது. கட்டணத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு இரண்டு வருட பாண்ட் எழுதி வாங்கினால் போதாது. அவர் படிக்கும் விஷயத்துக்குப் பொருத்தமான உங்கள் கம்பெனிப் பிரச்சினை ஒன்றை அவரிடம் கொடுங்கள், அதற்கு வேண்டிய கணக்குகளைப் பார்க்க அனுமதி கொடுங்கள், முடித்து வந்ததும் அவர் சொல்வதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். படிப்பு முடியும்வரை சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அவரை எந்த மீட்டிங்குக்கும் கூப்பிடாதீர்கள்.