கராஜுக்குள் புகைத்தாலும் வீட்டு விலை இறங்கும்

“வீட்டுக்குள் ஒருநாளும் புகைப்பதில்லை, கராஜுக்குள்தான்.” கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் வீடு விற்கப் போகிற நம்மவர்களிடம் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சொல்கிறவர் அதைப் பெருமையோடுதான் சொல்வார். ஆனால் வீடு பார்க்க வருகிறவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதற்குள்ளேயே விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுவார். சுவருக்குப் பெயின்ட் அடிப்பது என் தொழில். விற்பனைப் பலகை நடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுகிறவர்களில் பலருக்கு வேண்டியது, மணத்தை மூடி மறைக்கும் ஏதாவதொரு வித்தை. அப்படி ஒரு வித்தை இல்லை என்று சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது.

முதலில் இந்தக் கராஜ் கதையை முடித்துவிடுகிறேன். வீட்டோடு ஒட்டிய கராஜ் வெளியிடமே அல்ல. பனிக்காலத்தில் வீட்டுக்குள்ளிருக்கும் சூடான காற்று மேலே ஏறி, மாடி ஜன்னல் இடுக்குகள் வழியாகவும் கூரை இடுக்குகள் வழியாகவும் வெளியே போய்க்கொண்டிருக்கும். போன காற்றுக்கு ஈடாக வீடு கீழேயிருந்து வேறு காற்றை இழுக்கும். கராஜிலிருந்து உள்ளே வரும் கதவின் ரப்பர் பட்டி தேய்ந்திருந்தால், அந்தக் காற்று எங்கிருந்து வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கார்ப் புகை, பழைய பெயின்ட் வாளி, பெட்ரோல் கலன் எல்லாவற்றின் ஆவியும் வருவது அந்த வழியாகத்தான். போதாததற்கு, மனிதர் சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே வரும்போது அவருடைய ஜாக்கெட்டும் சேர்ந்து வருகிறது. அது தொங்குவது முன்வாசல் அலுமாரியில். வருகிறவர்கள் முதலில் திறந்து பார்ப்பதும் அதைத்தான்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர் புகைத்தால் நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலான வீடுகளில் ஃபர்னஸ் இருப்பது அங்கேதான். வீட்டுக் காற்றை, கீழே உள்ளதையும் சேர்த்து இழுத்து, சூடாக்கி, குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் அனுப்புவது அதன் வேலை. நவம்பரிலிருந்து மார்ச் வரை ஜன்னல் திறக்காத ஊரில், கீழே ஒருவர் இழுக்கும் சிகரெட் மேலே குழந்தை தூங்கும் அறைக்கும் பங்கு வைக்கப்படுகிறது. வாடகைப் பணம் மாதாமாதம் கையில் வந்துகொண்டிருப்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வீடு விற்கும்போதுதான் கணக்கு வேறு மாதிரி வரும்.

அண்மையில் ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பதுகளில் கட்டிய வீடு. ஐயா வெகுகாலமாக வரவேற்பறையில் இருந்தே புகைத்தவர். “தம்பி, வெள்ளையில் இரண்டு கோட் அடித்துவிடும், போதும்” என்றார். சுவரிலிருந்த சாமிப் படங்களையும் மகளின் பட்டமளிப்புப் படத்தையும் கழற்றி வைத்தோம். படம் இருந்த இடமெல்லாம் நல்ல வெள்ளைச் சதுரங்கள், சுற்றிலும் தேநீர்க் கறை பிடித்தது போன்ற மஞ்சள். அந்தச் சுவரின் பழைய நிறம் வெள்ளை என்பதே அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டிஎஸ்பி என்ற கறை நீக்கும் தூளைக் கரைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒரு மூலையில் தேய்த்துக் காட்டினேன். பழுப்புத் தண்ணீர் கோடு கோடாக இறங்கிச் சுவரடிப் பலகையின் விளிம்பில் தேங்கியது. குளியலறைக் கூரையில், சுடுதண்ணீர் ஆவி பட்டுப் பட்டு, தேன் நிறத்தில் துளிகள் காய்ந்து ஒட்டியிருந்தன. ஐயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதெல்லாம் சமையல் புகையாகவும் இருக்கலாம்தானே” என்றார்.

சாதாரணத் தண்ணீர்ப் பெயின்டை அதன் மேலேயே பூசினால் என்ன நடக்கும்? முதல் வாரம் பளிச்சென்று இருக்கும். பெயின்டில் உள்ள ஈரம் அடியிலிருக்கும் கறையை ஊறவைத்து மேலே கொண்டுவரும். மஞ்சள் திட்டுகள் மெல்ல எட்டிப் பார்க்கும், மணமும் பின்னாலேயே வரும். சரியான முறை என்றால் எல்லாச் சுவரையும் கூரையையும் கழுவிக் காயவிட வேண்டும். அதன்மேல் ஷெல்லாக் (அரக்கு) பிரைமரோ எண்ணெய்ப் பிரைமரோ, அதாவது பெயின்டுக்கு முந்திய அடிப்பூச்சு, பூசிக் கறையை அடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெயின்ட். கார்ப்பெட்டையும் அதன் அடியில் இருக்கும் மெத்தையையும் தூக்கி எறிய வேண்டும், திரைச்சீலைகளும் போக வேண்டும். காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்து ஃபில்டர் மாற்ற வேண்டும். பருக்கள் போலப் பூச்சுத் தெளித்த பொப்கோர்ன் கூரை என்றால் தலையிடி தனி. அந்தப் பருக்களைக் கழுவ முடியாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பழைய வீடுகளில் அதற்குள் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், பரிசோதனை செய்யாமல் சுரண்டியைக் கையில் எடுக்கவே கூடாது. இத்தனைக்கும் பிறகும் மணம் முழுதாகப் போய்விடும் என்று நான் யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில்லை.

மறைக்கும் வேலைகள்தான் எனக்கு எரிச்சல் தருகின்றன. ஒரு வீட்டில் சாம்பிராணி, இன்னொரு வீட்டில் வனிலா மெழுகுதிரி. ஓசோன் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஓடவிடுகிறவர்களும் உண்டு. ஓசோன் நுரையீரலுக்குக் கேடு. அதோடு அது சுவரிலுள்ள நிக்கோடினோடு வினைபுரிந்து மிக நுண்ணிய துகள்களை உண்டாக்குகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மெழுகுதிரி ஏற்றிய வீட்டுக்குள் நுழைகிறவர் ‘இவர்கள் எதையோ மறைக்கிறார்கள்’ என்றுதான் முதலில் நினைப்பார். இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீடு விற்றுக் கொடுக்கும் சில முகவர்கள் நம்மவர்களிடம் வந்து, “வீடு காட்டும் வாரம் மீன் குழம்பு வைக்காதீர்கள்” என்று நீட்டி முழக்குவார்கள். மீன் குழம்பு மணம் ஜன்னலைத் திறந்துவைத்தால் போய்விடும். அதே முகவர் புகைக்கிற வீட்டுக்காரரிடம் வாய் திறக்கமாட்டார். ஒப்பந்தம் கைநழுவிவிடும் என்ற பயம்.

மணம் மட்டும்தான் பிரச்சினை என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடலாம். 2010இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்தார், பரப்புகளில் படிந்த நிக்கோடின் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோயோடு தொடர்புள்ள நைட்ரோசமைன்களை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். நைட்ரஸ் அமிலம் எரிவாயு அடுப்பிலிருந்தும் வாகன எஞ்சினிலிருந்தும் வரும். கராஜை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். 2011இல் சான் டியேகோ ஆய்வாளர்கள், புகைப்பவர்கள் குடியிருந்து காலி செய்த வீடுகளைப் பார்த்தார்கள். சுத்தம் செய்து, இரண்டு மாதம் காலியாகக் கிடந்த பிறகும் புகையின் எச்சம் அங்கே இருந்தது. புதிதாகக் குடிவந்த, புகைக்காத மனிதர்களின் விரல்களில்கூட நிக்கோடின் இருந்தது. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தை இருக்கிற குடும்பம் அப்படிப்பட்ட வீட்டுக்கு விலை குறைத்துக் கேட்டால், அதைப் பேரம் பேசும் தந்திரம் என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, எவ்வளவு குறையும்? 2013இல் நம் ஒன்ராறியோ மாகாணத்து வீட்டு முகவர்களிடம் எடுத்த ஒரு கருத்துக் கணிப்பு, 29 சதவீதம் வரை குறையலாம் என்றது. இன்றுவரை எல்லோரும் இந்த எண்ணைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். அந்தக் கணிப்புக்குப் பணம் கொடுத்தது ஃபைசர் கனடா. புகைப்பதை நிறுத்த உதவும் மாத்திரையை விற்ற நிறுவனம் அது. மேலும் அது முகவர்களின் மதிப்பீடுதான், விற்ற விலைகளை ஒப்பிட்டு எடுத்த கணக்கல்ல. ஆகவே 29ஐ நான் நம்புவதில்லை. நம்பவும் தேவையில்லை. பத்து லட்சம் டாலர் வீட்டில் ஐந்து சதவீதம் போனாலே ஐம்பதாயிரம் டாலர். வாங்குகிறவர் கழிப்பது பெயின்ட் செலவை மட்டும் என்றால் இவ்வளவு போகாது. மணத்தை முகர்ந்தவர், ‘சுவரையே இப்படி விட்டவர்கள் கூரையையும் ஃபர்னஸையும் எப்படி விட்டிருப்பார்கள்’ என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார். அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் அவர் விலையைக் குறைக்கிறார்.

2022 பிப்ரவரியில் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் சராசரி வீட்டு விலை 13 லட்சம் டாலரைத் தாண்டி நின்றது. அன்றைக்கு எந்த மணமும் யார் மூக்கிலும் ஏறவில்லை. வீட்டுப் பரிசோதனைகூட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வாங்கினார்கள். அதற்குப் பிறகு நாட்டின் மத்திய வங்கியான கனடா வங்கி தன் வட்டியை 0.25 சதவீதத்திலிருந்து 2023 ஜூலைக்குள் 5 சதவீதத்துக்கு ஏற்றியது. ஒரே தெருவில் நாலைந்து விற்பனைப் பலகைகள் நிற்கத் தொடங்கின. பார்த்துப் பார்த்து வாங்க அவகாசம் கிடைத்ததும் வாங்குகிறவர்களுக்கு மூக்கு திரும்ப வந்துவிட்டது. அன்று கண்ணை மூடிக்கொண்டு புகை வீட்டை வாங்கியவர்களில் சிலர் இப்போது விற்க வந்து, ‘நான் புகைப்பதே இல்லையே’ என்று என்னிடம் அழுகிறார்கள். சுவருக்கு அது தெரியாதே.

சட்டம் இந்த விஷயத்தில் பெரிதாக உதவாது. 2018 அக்டோபர் 17 முதல் நடைமுறையில் இருக்கும் ஒன்ராறியோவின் புகையில்லாச் சட்டம், அடுக்குமாடியின் உள் நடைபாதை, லிஃப்ட் போன்ற பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. சொந்த வீட்டுக்குள் அது நுழைவதில்லை. அதே நாளில்தான் கஞ்சாவும் கனடாவில் சட்டபூர்வமானது. இப்போது பேஸ்மென்டுகளில் அந்த மணத்தையும் சேர்த்தே கழுவுகிறோம். புகைத்த வீடு என்று தானாக முன்வந்து சொல்லும் கடமை விற்பவருக்கு இல்லை. கேட்டால் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். இது மாற வேண்டும் என்பது என் எண்ணம். தண்ணீர் கசிந்ததா என்று கேட்பது போல, உள்ளே யாராவது புகைத்தார்களா என்ற கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குவது கட்டாயமாக வேண்டும். முகவர்கள் எதிர்ப்பார்கள். எதிர்க்கட்டும்.

அதுவரை வாங்குகிறவர்கள் தாங்களாகவே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுப் பரிசோதகரை நம்பி இருக்காதீர்கள். மணமும் காற்றின் தரமும் வழக்கமாக அவர் அறிக்கையில் வராது. வெயில் அடிக்கும் நாளில் பார்த்த வீட்டை மழை நாளில் ஒருமுறை பாருங்கள், ஈரக்காற்றில் மணம் கிளம்பும். ஃபர்னஸை ஓடவிட்டு, காற்று வரும் துவாரத்தின் பக்கத்தில் குனிந்து முகருங்கள். படம் மாட்டியிருந்தால் அனுமதி கேட்டுக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். சமையலறை அலுமாரிகளின் மேல் விளிம்பை, அதுவும் யாரும் துடைக்காத பின்பக்கத்தை, வெள்ளை டிஷ்யூவால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். மஞ்சள் ஒட்டினால் முகவரைக் கூப்பிட்டு விலையைப் பேசத் தொடங்கலாம். அதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுச் செலவு என்னவாகும் என்று கேட்டாலும் சொல்வேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.