நாவலுக்குக் கால் பக்கம்

(சபை மாத இதழுக்காக நாவலாசிரியை அக்காவிடம் தம்பி எடுத்த பேட்டி.)

தம்பி: குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கக்கா. வாசகர்கள் அதைத்தான் முதலில் படிப்பாங்க.

அக்கா: தஞ்சாவூர்ப் பக்கம். பிராமணக் குடும்பம். சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டார்.

தம்பி: (வாசலைத் திரும்பிப் பார்த்து) அப்போ இப்போது எனக்குக் கேட்டைத் திறந்துவிட்டவர்?

அக்கா: அது என் வீட்டுக்காரர்.

தம்பி: ஓ, மறுமணம். நல்ல சாட்சிக்கா.

அக்கா: மறுமணம் எங்கே நடந்தது? லிட்டில்டன் என்று ஒரு வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரி. கல்யாணம் ஆகாமலே அவரோடு குடித்தனம். அதனால் சபை ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

தம்பி: (குரலைத் தாழ்த்தி) எந்த ஐயர்க்கா? இப்போது இருக்கிறவரா?

அக்கா: ஷ்வார்ட்ஸ் ஐயர்.

தம்பி: அவர் எந்தச் சபைச் சேகரம்?

அக்கா: அந்த மிஷனரி 1798இல் தஞ்சாவூரில் இறந்துபோனார் தம்பி.

தம்பி: (விரல் விட்டுக் கணக்குப் போட்டு, பாதியில் கைவிட்டு) அப்போ உங்களுக்கு வயது...

அக்கா: நான் சொல்வது கிளாரிந்தாவை! என் நாவலின் கதாநாயகி. முதல் பக்கத்திலேயே வருகிறாளே. புத்தகம் அனுப்பியிருந்தேனே, வரவில்லையா?

தம்பி: வந்ததுக்கா. அட்டை ரொம்ப நன்றாக இருந்தது.

(தம்பி நல்ல பையன்தான். சபை மாத இதழுக்குச் சம்பளமில்லாமல் உழைக்கிறார். கேள்விகளும் அவருடையவை அல்ல. அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும், பல பெண்கள் கையைத் தாண்டி வந்த ஜெராக்ஸ்.)

தம்பி: சரி, அடுத்தது. எழுதும்படி கர்த்தர் உங்களை எப்படி ஏவினார்?

அக்கா: ஒரு பெயர்ப் பட்டியலைக் காட்டி ஏவினார். 1780இல் பாளையங்கோட்டைச் சபையில் மொத்தமே 40 பேர். அந்தப் பட்டியலில் முதல் பெயர் கிளாரிந்தா. கால்டுவெல் ஐயர் 1881இல் எழுதிய மிஷன் வரலாற்றில் அதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தாலி அறுத்த பெண்ணை மூலையில் உட்கார வைத்த காலம். இவள் பட்டியலின் தலையில் இருக்கிறாள்!

தம்பி: தூக்கம் வராததற்கு என்ன கைமருந்து சாப்பிட்டீங்க?

அக்கா: ...

தம்பி: சும்மா கேட்டேன். பெட்டிச் செய்திக்கு ஆகும்.

அக்கா: அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல் ஷ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். அவள் அதோடு நிற்கவில்லை. முன்னால் நின்று கோட்டைக்குள் ஒரு கோயிலைக் கட்டவைத்தாள். 1785இல் பிரதிஷ்டை. ஜனங்கள் இன்றைக்கும் பாப்பாத்தியம்மா கோயில் என்றுதான் சொல்கிறார்கள். இதை எழுதிக்கொண்டீர்களா?

தம்பி: எழுதிவிட்டேன். கட்டட வேலை செய்தவர்களுக்கு அந்த அம்மா என்ன சமைத்துப் போட்டிருப்பாங்க? சொதியா?

அக்கா: சொதி எங்கிருந்து வந்தது?

தம்பி: உங்களுக்குப் பிடித்த சமையல் குறிப்பு என்று ஒரு பகுதி இருக்குக்கா. திருநெல்வேலி என்றால் சொதிதானே? ஒரு படி அரிசிச் சோற்றுக்கு எத்தனை தேங்காய் என்று சொன்னால் போதும். அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கோம்.

அக்கா: நாவலுக்கு?

தம்பி: கால் பக்கம். போட்டோவோடு.

அக்கா: என்ன போட்டோ?

தம்பி: நீங்கள் அடுப்பங்கரையில் கரண்டியோடு நிற்கிற மாதிரி.

அக்கா: தம்பி, மாயூரம் வேதநாயகம் பிள்ளை தெரியுமா? அவரும் கிறிஸ்தவர்தான். 1879இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்டார். முன்சீப்பாக இருந்தவர். கோர்ட்டையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளித்தீங்க, மயிலாடுதுறையில் எந்த வத்தக்குழம்பு பிடிக்கும் என்று யாராவது அவரைக் கேட்டிருப்பார்களா?

தம்பி: கேட்டிருக்க மாட்டாங்கக்கா.

அக்கா: ஏன்?

தம்பி: அப்போது நம்ம இதழ் கிடையாது.

(அக்கா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.)

அக்கா: சமையல் குறிப்பு அவ்வளவு முக்கியம் என்றால் நம் கோயில் அசன விருந்துக்குப் போங்கள். அண்டா அண்டாவாகக் கறிக்குழம்பு கொதிக்கும். கிண்டுவது யார்? வேட்டியை மடித்துக்கட்டிய ஆம்பிளைகள். அவர்களிடம் கேட்டீர்களா?

தம்பி: அவங்ககிட்ட ஆலய வளர்ச்சி பற்றிக் கேட்போம்க்கா.

அக்கா: அதைத்தான் நானும் சொல்கிறேன். 240 வருஷத்துக்கு முன்னால் ஒரு பொம்பிளை நின்று கோயில் கட்டினாள். இன்றைக்கு நம் சேகரக் கமிட்டி வரிசையாக உட்கார்ந்தால் சேலை எத்தனை தெரிகிறது? எண்ணிப் பார்த்து அதைப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

தம்பி: (பேனாவை மூடி) அது தேர்தல் நேரம்க்கா. எடிட்டர் ஐயா வெட்டிவிடுவார். நாம் சொதிக்கு வருவோம். உருளைக்கிழங்கு சேர்ப்பீங்களா?

அக்கா: தெரியாது.

தம்பி: முருங்கைக்காய்?

அக்கா: தெரியாது தம்பி. நான் சமைப்பதில்லை.

தம்பி: (பேனாவைத் திறந்து, மறுபடியும் மூடி) சரி... கடைசிக் கேள்வி. அடுத்து என்ன எழுதப் போறீங்க?

அக்கா: முதலூர். 1799இல் ஊரைவிட்டு விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்காகத் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று எழும்பிய முதல் குடியிருப்பு. அந்த மனுஷன்...

தம்பி: (வந்ததிலிருந்து முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து) மஸ்கோத் அல்வா!

அக்கா: ...

தம்பி: முதலூர் என்றால் மஸ்கோத்தான்க்கா! அதற்கும் தேங்காய்ப்பால்தான். கிண்டிக்கொண்டே இருக்கணும், கை ஓயக்கூடாது. அதைக் கொஞ்சம் சொன்னீங்கன்னா...

அக்கா: இந்த வீட்டில் கிண்டுகிறவர் என் வீட்டுக்காரர். சொதி, அல்வா, கறிக்குழம்பு, எல்லாம் அவர் கைதான். உள்ளேதான் இருக்கிறார், போய்க் கேளுங்கள்.

தம்பி: (முகம் மலர்ந்து) முதலிலேயே சொல்லியிருக்கலாமேக்கா! (அடுப்பங்கரைப் பக்கம் எட்டி) அண்ணாச்சி, ஸ்தோத்திரம்! ஒரு ரெண்டு நிமிஷம். அக்காவோட நாவலைப் பற்றி உங்க கருத்து வேணும்.