ஃபிளாஷ்பேக்கை நம்பச் சொன்னது யார்?

தமிழ்ப் படத்தில் வில்லன் பொய் சொல்வான், போலீஸ் பொய் சொல்லும், பெற்ற தாய்கூட அப்பா யாரென்று மகனிடம் இருபது வருடம் மறைப்பாள். ஃபிளாஷ்பேக் மட்டும் பொய் சொல்லவே சொல்லாது. திரை லேசாக மங்கி ஒரு புல்லாங்குழல் கேட்டால் போதும், அடுத்து வருவதெல்லாம் நடந்த கதை என்று நாம் கேள்வி கேட்காமல் ஒத்துக்கொள்கிறோம். ஞாபகத்தைப் பற்றி நம் சினிமா சொல்கிற பெரிய பொய் இதுதான் என்பது என் கட்சி.

‘கஜினி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 படம், டிவியில் போட்டால் இன்னமும் சேனல் மாற்றாமல் உட்கார்ந்துவிடுவேன், அது வேறு. தலையில் அடிபட்ட கதாநாயகன் சூர்யாவுக்கு 15 நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லாம் மறந்துபோகும் என்கிற கணக்கைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. ஞாபகம் அப்படி அலாரம் வைத்துப் போகாது. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்து, மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்கிற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் 2008-இல் இறக்கும்வரை புதிதாக எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. ஒரு எண்ணைச் சொன்னால், கவனம் கலையாத வரைக்கும் பிடித்து வைத்திருப்பார். யாராவது குறுக்கே பேசினால் போயிற்று. ஆனால் பிரெண்டா மில்னர் என்கிற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னபோது, மூன்றே நாளில் கை பழகிவிட்டது. அவரைக் கேட்டால், இதை முன்பு செய்ததே இல்லை என்பார்! கை கற்றுக்கொள்ளும், ஆளுக்குத் தெரியாது. ஆகவே சூர்யா உடம்பை ஏற்றி அடி பின்னுவதில் பெரிய லாஜிக் ஓட்டை கிடையாது, அதை விட்டுவிடுங்கள்.

எனக்குப் பிரச்சினை, சூர்யா எழுதிய அந்த டைரி. காதலி கல்பனாவின் கதை பெரும்பாலும் நமக்கு டைரி வழியாகத்தான் வருகிறது. டைரியை முதலில் திறந்து படிக்கிறவர் ஒரு போலீஸ்காரர், திரையில் ஓடுவதோ டூயட். (எந்த டைரியில் சார் நடன அமைப்பெல்லாம் எழுதியிருக்கும்?) ஜோக்கை ஒதுக்கிவைத்தாலும், அந்த டைரியின் வேலை ஒன்றுதான்: கதாநாயகனுக்கு மறந்தாலும் கதை மறக்கவில்லை, அந்தக் காதல் அப்படியேதான் நடந்தது என்று நமக்கு உறுதி கொடுப்பது. 2000-இல் வந்த ஹாலிவுட் படமான ‘மெமெண்டோ’ இந்த உறுதியைத் தரவே மறுத்தது. அதில் மறதி நோய் உள்ள கதாநாயகன் லெனார்ட் தன் மனைவியைப் பற்றி நினைப்பது நிஜமா, தனக்கு வசதியாக அவனே ஒட்டிவைத்துக்கொண்டதா என்று கடைசிவரை தெரியாது. லெனார்ட் சொல்லும் கதையில் வரும் சாமி ஜான்கிஸ் என்கிற இன்னொரு மறதி நோயாளி மனநல விடுதியில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், குறுக்கே ஒருவர் நடந்து போவார், கண் இமைக்கும் நேரத்துக்கு அதே நாற்காலியில் லெனார்ட் இருப்பான். அந்த ஒரு நொடி படம் முழுவதையும் சந்தேகத்தில் தள்ளிவிடும். புகைப்படம், பச்சை குத்தல் எல்லாம் ‘கஜினி’யிலும் உண்டு. சந்தேகம்தான் சென்னைக்கு வந்து சேரவில்லை.

இது ஏதோ மறதி நோய் வந்தவர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டிலேயே ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ‘மூன்றாம் பிறை’யை முதலில் எங்கே பார்த்தார்கள் என்று அம்மாவுக்கும் மாமாவுக்கும் தீபாவளிக்குத் தீபாவளி சண்டை. அம்மா சொல்வது, கோலாலம்பூர் கொலீசியத்தில், தாத்தா பஸ்ஸில் கூட்டிப்போனார், இடைவேளையில் கச்சான் வாங்கித் தந்தார். மாமா சொல்வது, தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் போட்டார்கள், பாதியில் மழை வந்து பாயைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தோம், ஸ்ரீதேவி முகத்திலேயே தண்ணீர் வழிந்தது. இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும்போது இரண்டுமே நமக்குப் படமாகத் தெரிகிறது. இருவருமே முதல் தடவை, ஒன்றாகப் பார்த்தோம் என்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்கிற உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இங்கேதான் ஞாபகம் வரும். மாணவர்களுக்கு கார் விபத்துப் படத்துண்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழுவிடம் கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம் என்றும், இன்னொரு குழுவிடம் மோதி நொறுங்கியபோது என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டால், முதல் குழுவின் 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், இரண்டாவது குழுவின் 50 பேரில் 16 பேர். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. கேள்வி கேட்ட விதம் போய் அவர்கள் பார்த்த காட்சியையே மாற்றிவிட்டது. அப்படியிருக்க, மாமாவின் மழையை நான் எப்படிக் குறை சொல்வது?

அதே ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஸ்ரீதேவி நடித்த விஜி அடிபட்டதும் குழந்தையாகிவிடுவது, வைத்தியர் குணப்படுத்தியதும் நடுவில் வாழ்ந்த காலம் துடைத்த மாதிரி போய்விடுவது எல்லாம் சினிமா மருத்துவம். இருக்கட்டும். ஆனால் 2010-இல் அயோவா பல்கலைக்கழகத்தில், ஹிப்போகேம்பஸ் சேதமான நோயாளிகளுக்குச் சோகப் படக்காட்சிகளைப் போட்டுக் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் என்ன பார்த்தோம் என்பது மறந்துவிட்டது, சோகம் மட்டும் போகவில்லை. காரணம் தெரியாத துக்கம். ரயிலில் உட்கார்ந்திருக்கும் விஜி, வெளியே குட்டிக்கரணம் போடும் கமலைப் பார்த்து யாரோ பிச்சைக்காரன் என்று நினைக்கிறாள், சரி. ரயில் கிளம்பிய பிறகு ஏன் என்று தெரியாமல் அவளுக்கு அழுகை வந்திருக்குமோ? பாலு மகேந்திரா நம்மை பிளாட்பாரத்தில் நிறுத்திவிட்டார், அவள் பக்கம் போகவில்லை.

ஃபிளாஷ்பேக்கைச் சந்தேகிக்க நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ‘அந்த நாள்’ 1954-இலேயே வந்துவிட்டது. எஸ். பாலசந்தர் ஒரு பாட்டுகூட இல்லாமல் எடுத்த படம், ஒவ்வொருவர் கதையிலும் கொலைகாரர் மாறிக்கொண்டே இருப்பார். 2004-இல் ‘விருமாண்டி’ இரண்டு பேர் வாயால் ஒரே சம்பவத்தைச் சொன்னது, ஆனால் எது நிஜம் என்று படமே தீர்ப்பும் கொடுத்துவிட்டது.

இந்த விஷயத்தில் நான் கையெடுத்துக் கும்பிடுவது ஒளிப்பதிவாளர் பிரேம்குமாரைத்தான். கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கப் போய்த் தலையில் அடிபட்டு, கல்யாண நேரத்தில் கொஞ்ச காலம் மறந்து போனது அவருடைய சொந்த அனுபவம். அதுதான் 2012-இல் ‘நடுவுல கொஞ்சம் பக்கத்தக் காணோம்’ ஆனது, ஒளிப்பதிவும் அவரே. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் விஜய் சேதுபதியைப் பார்த்து சிரித்துக்கொண்டே இருந்தோம். ஆனால் தலையில் அடிபட்டு இப்படி மறதி வந்தவர்கள் பலர் நிஜமாகவே அப்படித்தான், அதே கேள்வி, அதே வரிசை, அதே தொனி.

அந்த மனிதர்தான் 2018-இல் ‘96’ எடுக்கிறார், எதையுமே மறக்காத ஒருவனைப் பற்றி, அதே விஜய் சேதுபதியை வைத்து. அதில் அவர் நடித்த ராமின் மாணவிகள், அவனுடைய பள்ளிக் காதலி ஜானுவை அவன் மனைவி என்று நினைத்துக்கொள்ள, அவளும் மறுக்காமல், நடந்ததைக் கொஞ்சம் மாற்றி, சேர்ந்துவிட்டதாக ஒரு கதை சொல்கிறாள். அது நடந்த மாதிரியே திரையில் ஓடுகிறது. பொய் என்று ராமுக்குத் தெரியும், ஜானுவுக்குத் தெரியும், நமக்கும் தெரியும், மாணவிகளுக்கு மட்டும் தெரியாது. நான் பார்த்த தமிழ் ஃபிளாஷ்பேக்குகளிலேயே சிறந்தது அதுதான் என்பேன். ‘கஜினி’ டைரியில் சத்தியமாக நடந்ததாகக் காட்டிய அத்தனை டூயட்டும் சேர்ந்து எனக்குச் செய்யாததை, நடக்கவே நடக்காத அந்தச் சில நிமிடங்கள் செய்துவிட்டன. சூர்யா ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், இன்று முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன்.