கழிவு போக எத்தனை கிலோ?

இடம்: கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டி. ஜூன் மாதத்து மதியம். காலையில் வந்த பெங்களூரா ரக மாங்காய் லோடு மாங்கூழ் ஃபேக்டரிக்குக் கிளம்பிவிட்டது. அடுத்த வண்டி வர நேரமிருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பேர்.

சென்னப்பன்: மண்டிக்காரர். ஒரு மாங்கூழ் கம்பெனியில் பங்கும் உண்டு. தராசில் ஏறாத எதையும் நம்பமாட்டார்.

முனிராஜ்: கணக்கு எழுதுபவர். கணக்கு மென்பொருளான டேலி, ஜிஎஸ்டி, வங்கி எல்லாம் இவர் தலையில்.

முனிராஜ்: அண்ணா, நான் கேட்ட லேப்டாப் இதுதான். மச்சான் ஓசூரிலிருந்து கொண்டுவந்தான். சும்மா கையில் வாங்கிப் பாருங்கள்.

சென்னப்பன்: (கனமாக இருக்கும் என்று நினைத்து வாங்கியதில் கை தோள் உயரத்துக்குப் போய்விடுகிறது) என்னப்பா, உள்ளே சரக்கே இல்லையா?

முனிராஜ்: எல்லாம் இருக்கிறது அண்ணா. எடை ஒரு கிலோவுக்கும் கீழே.

சென்னப்பன்: விலை?

முனிராஜ்: 85,000.

சென்னப்பன்: மூலையில் இருக்கிறதே, அந்தப் பழசு?

முனிராஜ்: வாங்கும்போது 38,000. எடை இரண்டே கால் கிலோ இருக்கும்.

சென்னப்பன்: இத்தனை வருடமாகத் தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எடை குறையக் குறைய விலை ஏறுகிற சரக்கை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

முனிராஜ்: அதே வேலையைச் சின்ன உடம்புக்குள் அடக்கத்தான் அந்தக் காசு. மேல்மூடி மெக்னீசியம் கலந்த உலோகம். அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு.

சென்னப்பன்: (விரலால் தட்டிப் பார்க்கிறார்) பிளாஸ்டிக் சத்தம் வருகிறது.

முனிராஜ்: எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். 2008இல் ஆப்பிள் கம்பெனி ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மேக்புக் ஏர் லேப்டாப்பை மேடையில் ஒரு காகிதக் கவருக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார் அண்ணா. 1.36 கிலோ. அன்றைக்கு ஊரே வாயைப் பிளந்தது.

சென்னப்பன்: கவரா? யாருக்குக் கொடுக்க?

முனிராஜ்: யாருக்கும் இல்லை. அவ்வளவு மெலிசு என்று காட்டினார்.

சென்னப்பன்: நம் பக்கம் கவரை வெளியே எடுத்தால் எதிரில் இரண்டு கை நீளும். சரி, அதில் என்னவெல்லாம் இருந்தது?

முனிராஜ்: அது வந்து... சிடி டிரைவ் கிடையாது. நெட் ஒயர் செருக இடம் கிடையாது. யூஎஸ்பி ஒன்றே ஒன்று.

சென்னப்பன்: பிடுங்கினது போக மிச்சம் என்று சொல். தராசில் வை.

முனிராஜ்: கம்பெனி வெப்சைட்டிலேயே எடை போட்டிருக்கிறார்கள் அண்ணா.

சென்னப்பன்: தோப்புக்காரன்கூடத்தான் கூடைக்கு இருபது கிலோ என்று சொல்கிறான். சொல் எடை மண்டியில் செல்லாது.

(லேப்டாப் தராசில் ஏறுகிறது. 995 கிராம். முனிராஜ் முகத்தில், தேர்வு முடிவு பார்த்த களை.)

சென்னப்பன்: இதை இப்படியே எடுத்துக்கொண்டு போய் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்துவிடுவாயா?

முனிராஜ்: சார்ஜர் வேண்டும்.

சென்னப்பன்: அதையும் வை.

(ஒயரோடு சேர்த்து 310 கிராம். தராசு 1,305 காட்டுகிறது. லேப்டாப் விற்கிறவர்கள் சொல்கிற எடையில் சார்ஜர் சேர்வதே இல்லை. சென்னப்பன் அதை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்.)

சென்னப்பன்: மாங்கூழ் கம்பெனி ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு ஒரு குச்சி செருகுவாயே, அது எங்கே செருகும்?

முனிராஜ்: டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். (லேப்டாப்பின் இடது பக்கம் பார்க்கிறார். வலது பக்கம் பார்க்கிறார்.) இதில் டைப் சி ஓட்டை இரண்டுதான் அண்ணா. டோக்கன் பழைய யூஎஸ்பி. நடுவில் ஒரு ஹப் போட வேண்டும்.

சென்னப்பன்: வை.

முனிராஜ்: 90 கிராம்தான்.

சென்னப்பன்: நெட் ஒயர்?

முனிராஜ்: அந்த ஒயரின் தலையே இந்த லேப்டாப்பைவிடத் தடிமன். அதுவும் ஹப்பில்தான்.

சென்னப்பன்: காலையில் ஏற்றின லோடுக்கு ஒரு பில் போடு, பார்க்கலாம்.

(முனிராஜ் டேலியைத் திறக்கிறார். இடது கையில் சீட்டு, கண் சீட்டின் மேல். பத்து வருடப் பழக்கத்தில் வலது கை தானாக வலது ஓரத்துக்குப் போய் டக டக டக என்று எண்களைத் தட்டுகிறது. திரையில் ஒரு எண்ணும் ஏறவில்லை. கை லேப்டாப்பைத் தாண்டி மேசையில் இருக்கிறது.)

சென்னப்பன்: மேசை மேல் டேலி ஓடாது முனிராஜு.

முனிராஜ்: 13 இன்ச்சில் நம்பர் பேட் வைக்க இடமில்லை அண்ணா. எண்கள் மேல் வரிசையில் இருக்கின்றன.

சென்னப்பன்: இருக்கட்டும். சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு? ஒவ்வொன்றுக்கும் மேல் வரிசையில் எண் தேடிக்கொண்டிருந்தால் மாம்பழம் வடு ஆகிவிடும்.

முனிராஜ்: தனியாக நம்பர் பேட் கிடைக்கிறது.

சென்னப்பன்: அப்படிச் சொல். இப்போதைக்கு அந்தக் கால்குலேட்டரை வை. ஏறக்குறைய அவ்வளவுதானே இருக்கும்?

(கால்குலேட்டர் 110. மவுஸ் 85. பேக்கப் ஹார்ட் டிஸ்க் 160. கீறல் விழாமல் இருக்க மச்சான் கொடுத்த உறை 250. தராசு சரியாக 2 கிலோவில் நிற்கிறது.)

சென்னப்பன்: ஒரு கிலோ என்று உள்ளே வந்தது, இரண்டு கிலோவாக உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் நாங்கள் கழிவு என்போம். பாதிக்குப் பாதி கழிவு கேட்கிற சரக்கை எவன் எடுப்பான்?

முனிராஜ்: அப்படியென்றால் பழசையும் இதே தராசில் போடுங்கள். நியாயம் என்றால் இரண்டு பக்கமும் வேண்டும்.

சென்னப்பன்: போடு. அதில் எல்லாமே உள்ளேயே இருக்கிறது. நம்பர் பேட், நெட் ஒயர் ஓட்டை, சிடி டிரைவ். ராம் பத்தவில்லை என்று போன வருடம் மெக்கானிக் வந்து பின்பக்கம் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டுவிட்டுப் போனானே.

முனிராஜ்: (தொண்டையைச் செருமிக்கொண்டு) புதிதில் அது முடியாது. ராமை உள்ளே இருக்கும் போர்டோடு சால்டர் பண்ணிவிடுகிறார்கள். தனி ஸ்லாட் வைத்தால் தடிமன் கூடும். பிராசஸருக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தால் பேட்டரியும் கம்மியாகத் தின்னும். வாங்கும்போதே 16 ஜிபியாக வாங்கிவிட வேண்டும்.

சென்னப்பன்: அதற்குத் தனிக் காசு.

முனிராஜ்: ஆமாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதில் ஃபேன் கிடையாது. சத்தமே வராது. ரொம்பச் சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

சென்னப்பன்: இந்தத் தகர ஷெட்டில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. மேலே சொல்.

(பழைய லேப்டாப்பை முனிராஜ் இரண்டு கையால் கொண்டுவந்து வைக்கிறார். 2,250 கிராம்.)

முனிராஜ்: மவுஸ், ஹார்ட் டிஸ்க் இரண்டுக்கும் பொது, விட்டுவிடுங்கள். இதோ சார்ஜர், 450. பேட்டரி செத்து வருடமாகிறது, சார்ஜரைப் பிடுங்கினால் அடுத்த நொடி திரை அணைந்துவிடும். அதனால் எங்கே போனாலும் ஜங்ஷன் பாக்ஸும் கூடவே வர வேண்டும். அது 600. மொத்தம் 3 கிலோ 300!

சென்னப்பன்: உள்ளே என் பெண் கல்யாண சிடி இருக்கிறது. அதைக் கழி.

முனிராஜ்: இன்னுமா எடுக்கவில்லை?

சென்னப்பன்: தட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது.

முனிராஜ்: சரி, 15 கிராம் கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும் புதிதுதான் எடை குறைவு. அதுபோக பேட்டரியைப் பாருங்கள். லேப்டாப்பில் கனமான சாமான்களில் பேட்டரி ஒன்று. எடையைக் குறைக்கிறேன் என்று சில கம்பெனிகள் முதலில் அதில்தான் கை வைப்பார்கள். இதில் அப்படி இல்லை. 55 வாட் அவர். டேலி மட்டும் ஓட்டினால் எட்டு மணி நேரம் நிற்கும்.

சென்னப்பன்: எட்டு மணி நேரமா? கரண்ட் இல்லாமல்?

முனிராஜ்: கரண்டே வேண்டாம். போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் நெட்டும் வந்துவிடும்.

சென்னப்பன்: சந்தூர் தோப்புக்குள் உட்கார்ந்தால்?

முனிராஜ்: தாராளமாக. மாமரத்தடியிலேயே பில் போடலாம்.

(இந்த இடத்தில் முனிராஜ் வாயை மூடியிருக்கலாம். விற்கிற உற்சாகத்தில் இருந்தார்.)

சென்னப்பன்: காவேரிப்பட்டணம்?

முனிராஜ்: பஸ்ஸில் மடியில் வைத்தே வேலை பார்க்கலாம் அண்ணா.

சென்னப்பன்: ராத்திரி, உன் வீட்டில்?

முனிராஜ்: எங்கே வேண்டுமானா... (நிறுத்துகிறார்)

சென்னப்பன்: (கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைக்கிறார்) உன் மாமியார் வீடு பாலக்கோடுதானே?

முனிராஜ்: அங்கே சிக்னல் கொஞ்சம் கம்மி அண்ணா.

சென்னப்பன்: போன ஆடிக்குப் போனவன் ஐந்து நாள் திரும்பவில்லை. சீசன் முடிகிற நேரம், பாதி வியாபாரிக்குக் கணக்கு முடிக்கவில்லை. போன் போட்டதற்கு என்ன சொன்னாய்?

முனிராஜ்: லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை, அவ்வளவு கனம் என்று...

சென்னப்பன்: இது எவ்வளவு என்று சொன்னாய்?

முனிராஜ்: (மெதுவாக) 995 கிராம்.

சென்னப்பன்: வாங்கிவிடலாம்.

முனிராஜ்: அவசரப்படாதீர்கள் அண்ணா! நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம்பர் பேட் இல்லாமல் என்னால்...

சென்னப்பன்: 110 கிராம். மண்டிச் செலவில் எழுது.

முனிராஜ்: ராமைக் கூட்ட முடியாதே, இரண்டு வருடத்தில் டேலி திணறினால்?

சென்னப்பன்: 16 ஜிபி போட்டே எடு.

முனிராஜ்: ஃபேன் இல்லை. ஷெட்டுக்குள் சூடாகும்.

சென்னப்பன்: நீதான் இனி ஷெட்டுக்குள் இருக்கப்போவதில்லையே. மரத்தடியில் காற்று வரும்.

முனிராஜ்: திரை 13 இன்ச். டேலியில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது. கண் போய்விடும் அண்ணா. பேசாமல் 15.6 இன்ச்சில் ஒன்று பார்ப்போம். 1.7 கிலோ. நம்பர் பேட் உள்ளேயே இருக்கும், எச்டிஎம்ஐ இருக்கும், பழைய யூஎஸ்பி இருக்கும், சிலதில் ராம் போட ஒரு ஸ்லாட்கூட விட்டிருப்பார்கள். விலையும் இதில் முக்கால்வாசி வராது. மண்டிக்கு அதுதான் சரி.

(சொல்லப்போனால் அன்றைய தினம் அந்த ஷெட்டில் பேசப்பட்ட ஒரே உருப்படியான யோசனை அதுதான். டேலியிலேயே நாளைக் கழிக்கிற ஒருவருக்குப் பெரிய திரையும் நம்பர் பேடும்தான் முதலில் வேண்டும். ஆனால் நேரம் கடந்துவிட்டது.)

சென்னப்பன்: அதையும் பாலக்கோடு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவாயா?

முனிராஜ்: (ஆசையை அடக்க முடியாமல்) ரொம்பக் கஷ்டம் அண்ணா.

சென்னப்பன்: அப்போ வேண்டாம்.

முனிராஜ்: இதைவிடக் கொஞ்சமே கூடின எடையில் நம்பர் பேட் வைத்து 16 இன்ச் திரையோடு ஒன்று இருக்கிறது. 1.2 கிலோதான். ஒரு லட்சத்துக்கு மேலே போகும்.

சென்னப்பன்: விலையைச் சொல்லி என்னைப் பயமுறுத்துகிறாயா? 85,000 போதும். (போனை எடுக்கிறார்) ஹலோ, கம்ப்யூட்டர் கடையா? மண்டியிலிருந்து சென்னப்பன் பேசுகிறேன். நம்ம முனிராஜ் ஒரு லேப்டாப் சொன்னானே, ஒரு கிலோவுக்குக் கீழே. ஆமாம், 16 ஜிபி. விலையா? எடை பாதியாகக் குறைந்திருக்கிறது, விலையையும் அதே கணக்கில் போடப்பா. என்னது, முடியாதா? சரி, அந்த ஹப்பையும் நம்பர் பேடையும் சும்மா சேர்த்துக் கொடுத்துவிடு.

(போனை வைக்கிறார். முனிராஜ் கடைசி அஸ்திரத்தை எடுக்கிறார்.)

முனிராஜ்: அண்ணா, ஒன்றை மறந்துவிட்டீர்கள். புதிதில் சிடி டிரைவ் கிடையாது. பாப்பா கல்யாணத்தை அப்புறம் எதில் பார்ப்பீர்கள்? மெக்கானிக் வந்து சிடியை எடுத்துக் கொடுத்தாலும் போட இடமில்லை.

சென்னப்பன்: (யோசிக்கிறார். முனிராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்) தனியாக யூஎஸ்பியில் மாட்டுகிற சிடி டிரைவ் வருகிறதாமே?

முனிராஜ்: வருகிறது. ஆனால் அது வேறு முந்நூறு நானூறு கிராம் இருக்கும் அண்ணா.

சென்னப்பன்: இருக்கட்டுமேப்பா. நானா தூக்கப்போகிறேன்?