ஷூ டப்பாவில் இருக்கும் துப்பாக்கி

டெக்சாஸுக்கு வந்து பதினேழு வருஷமாச்சு. துப்பாக்கியைப் பற்றி இங்கே ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் நட்புப் பட்டியலில் பாதி காலியாகிவிடும் என்கிற பயம்தான். ஆனால் தெரிந்த பெண் ஒருத்திக்குத் துணையாகக் கோர்ட்டுக்குப் போய்வந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

புருஷன் அவளை நெருங்கக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார்கள். "துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, புரிகிறதா?" என்று நீதிபதி கேட்டார். "யெஸ், யுவர் ஆனர்" என்றான். முடிந்தது. உன்னிடம் எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது, எப்போது ஒப்படைப்பாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "அக்கா, அது அலமாரி மேல்தட்டுல ஷூ டப்பாலதான் இருக்கு. அதை யாரு போய் எடுப்பாங்க?"

இந்தத் தடை 1994லிருந்தே மத்தியச் சட்டத்தில் இருக்கிறது. அது உச்ச நீதிமன்றம் வரை போகக் காரணமான ரஹீமி எங்கள் பக்கத்து ஆர்லிங்டன்காரன். 2019 டிசம்பரில் தன் குழந்தையின் தாயைக் கார் நிறுத்துமிடத்தில் தரதரவென்று இழுத்துப்போய்க் காரில் தள்ளினான். ஒருவர் பார்த்துவிட்டார் என்றதும் துப்பாக்கியை எடுத்தான், அவள் தப்பி ஓடும்போது சுட்டான். 2020 பிப்ரவரியில் அவன்மேல் உத்தரவு வந்தது. அதற்கப்புறமும் அடங்கவில்லை. பர்கர் கடையில் நண்பனின் கார்டு வேலை செய்யவில்லை என்பதற்காக வானத்தை நோக்கிச் சுட்டான். கடைசியில் போலீஸ் வீட்டைச் சோதித்தபோது ஒரு கைத்துப்பாக்கி, ஒரு ரைஃபிள், கூடவே அந்த உத்தரவின் நகலும் கிடைத்தன. காகிதமும் துப்பாக்கியும் ஒரே வீட்டில்!

உச்ச நீதிமன்றத்துக்குக் கீழே இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023ல் அந்தச் சட்டமே செல்லாது என்றது. அரசியல் சட்டம் தரும் துப்பாக்கி உரிமை பற்றி 2022ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ப்ரூயன் தீர்ப்புப்படி, பழைய காலத்தில் இதுபோல ஒரு கட்டுப்பாடு இருந்ததா என்று தேட வேண்டுமாம். பெண்ணுக்கு ஓட்டே இல்லாத காலத்தில் போய் அவளுக்கான பாதுகாப்பைத் தேடுவது! நல்லவேளை, 2024 ஜூன் 21ல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் சட்டத்தைக் காப்பாற்றியது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் கைகாட்டிய பழைய வழக்கங்களில் ஒன்று, நம்மூரில் கோட்டாட்சியர் முன்னால் இனி வம்புக்குப் போகமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கிற நன்னடத்தைப் பிணைப் பத்திரத்துக்கு அண்ணன் முறை. அந்தக் கால இங்கிலாந்திலேயே மனைவி புருஷன்மேல் அப்படிப் பிணை கேட்கலாமாம். எதிர்த்து எழுதிய ஒரே ஆள், ப்ரூயன் தீர்ப்பை எழுதிய அதே கிளாரன்ஸ் தாமஸ்.

"தண்டனையே ஆகாதவனின் உரிமையைப் பறிக்கலாமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அசட்டுக் கேள்வி இல்லை. ஆனால் நோட்டீஸ் கொடுத்து, அவன் பேச வாய்ப்புக் கொடுத்த பிறகு வந்த உத்தரவுக்குத்தான் இந்தச் சட்டம் பொருந்தும். உத்தரவு முடிந்தால் இந்தத் தடையும் முடிந்தது. அவசரத்துக்கு ஒரு தரப்பை மட்டும் கேட்டுக் கொடுக்கும் தற்காலிக உத்தரவு இதில் சேராது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய ஓட்டை. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய முதல் வாரத்தில்தானே அவனுக்கு வெறி தலைக்கேறும்? சேர்ந்து வாழாத, குழந்தையும் இல்லாத காதலன் மேல் உத்தரவு வாங்கினாலும் இந்த மத்தியச் சட்டம் பேசாது.

இதையெல்லாம் தாண்டியும் ஷூ டப்பா அங்கேயேதான் இருக்கிறது. வைத்திருந்தால் குற்றம் என்று சொல்லும் மத்தியச் சட்டம், அதை யார் வாங்கி வைப்பது என்று சொல்லவில்லை. அந்தந்த மாநிலம், அந்தந்த கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அக்கறையைப் பொறுத்தது. கொலராடோவின் காசில் ராக்கில் 1999ல் ஒரு தாய் கையில் உத்தரவை வைத்துக்கொண்டு, மகள்களைக் கூட்டிப்போன கணவனைப் பிடிக்கச் சொல்லி இரவெல்லாம் போலீஸைக் கெஞ்சினாள். அன்று சாயங்காலம்தான் துப்பாக்கி வாங்கியிருந்த கணவன் மூன்று மகள்களையும் கொன்றுவிட்டான். அந்த உத்தரவைப் போலீஸ் அமல்படுத்தியே ஆக வேண்டும் என்று கேட்க அவளுக்கு அரசியல் சட்ட உரிமை கிடையாது என்று 2005ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நாங்களும் கோர்ட் கவுண்டரில் கேட்டுப்பார்த்தோம். "உத்தரவை மீறினால் 911ஐ அழையுங்கள்" என்றார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு, கார் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. சீட் பெல்ட்டைப் போடும்போதுதான் கேட்டாள்: "அவன் அந்த டப்பாவைக் கீழ எடுக்குற அன்னிக்குத்தானேக்கா மீறினது நமக்கே தெரியும்?"