ஆமாம், இது பெண்கள் கேட்கும் மெட்டல்தான்

பின்லாந்தின் மெட்டல், அதாவது கனத்த கிட்டார் ராக் இசை பற்றி ஞாயிற்றுக்கிழமை நடந்த நேரலையைக் கேட்டவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். கேட்காதவர்கள் கேட்டவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். நடந்ததை முழுதாக எழுதி மறுபடியும் என் இரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள விருப்பமில்லை. என்னைக் கிண்டல் செய்தவரின் பெயரையும் சொல்லப்போவதில்லை, அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். "அதெல்லாம் பெண் பிள்ளைகள் கேட்கிற மெட்டல், தங்கச்சி" என்ற அந்த ஒரு வரியும் அதைத் தொடர்ந்து எழுந்த சிரிப்பும் போதும். (அவரைவிட எனக்கு வயது அதிகம். அது போகட்டும்.)

ஹிம் என்ற பின்லாந்துக் குழுவின் பெயரை எடுத்தது நான்தான். பின்லாந்து மெட்டல் என்று தலைப்பு வைத்து உட்கார்ந்திருக்கிறோம். சில்ட்ரன் ஆஃப் போடம் வந்துவிட்டது, அமார்ஃபிஸ் வந்துவிட்டது, லோர்டியின் முகமூடிகூட வந்துவிட்டது. அமெரிக்காவில் அதிக விற்பனைக்கான தங்கத்தட்டு வாங்கிய முதல் பின்லாந்துக் குழுவைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லையே என்று கேட்டேன். 2005இல் வந்த 'டார்க் லைட்' ஆல்பத்துக்குக் கிடைத்தது அந்தத் தட்டு. அதிகம் விற்றது எல்லாம் நல்ல சரக்கு என்று நான் சொல்லவில்லை. வரலாறு பேச உட்கார்ந்தால் வரலாற்றைப் பேச வேண்டும் என்றுதான் சொன்னேன். கிடைத்த பதில் மேலே இருக்கிறது.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஓர் இசையைப் பெண்கள் விரும்பிக் கேட்பதால் அதன் கனம் குறைந்துவிடாது. அதை அளக்க வேண்டுமானால் காதைக் கொண்டு அளக்க வேண்டும். முன்வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்து அளக்கக் கூடாது.

காதால் அளக்கலாமா? கிறிஸ் ஐசக் 1989இல் பாடிய 'விக்கெட் கேம்' பலருக்கும் தெரிந்த மென்மையான பாட்டு. ஹிம் அதை எடுத்து 1997இல் வந்த தன் முதல் ஆல்பத்தில் பாடியது. மெட்டில் கை வைக்கவில்லை. அடியில் சுருதி இறக்கிய கிட்டாரை வைத்தார்கள், மெட்டலின் முன்னோடியான பிளாக் சபாத் குழுவின் வழியில் வந்த கனத்த நடையைக் கொடுத்தார்கள். அதன் மேல் ஹிம்மின் பாடகர் வில்லே வாலோவின் குரல். கீழ் ஸ்தாயியில் கிட்டத்தட்டப் பேச்சாகத் தொடங்கும் குரல் அது. பல்லவியில் திடீரென்று மேலே ஏறி, உடைந்துவிடுமோ என்று நாம் பயப்படும் இடத்தில் போய் நிற்கும். கிட்டார் எவ்வளவு முரடாகிறதோ அவ்வளவுக்கு அந்தக் குரல் தனித்து ஒலிக்கும். முரட்டுக் கிட்டாருக்கு மேல் முரட்டுக் குரலை வைப்பது சுலபமான வேலை. ஒரு காதல் பாட்டின் மெட்டைக் கொஞ்சமும் நசுக்காமல் இவ்வளவு பாரத்தை அதற்கு அடியில் கொடுப்பது அப்படிப்பட்ட வேலை அல்ல. அதே ஆல்பத்தில் ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட்டின் 1976ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றும் இருக்கிறது. சாவுக்கு அஞ்சாதே என்று காதலியிடம் சொல்லும் பாட்டு. காதல் ஒரு கை, சாவு ஒரு கை என்று முதல் ஆல்பத்திலேயே கணக்கைத் தொடங்கிவிட்டார்கள்.

இதை "பெண் பிள்ளைகளுக்காகச் சர்க்கரை தடவிய மெட்டல்" என்று அண்ணன் விளக்கினார். பின்லாந்தின் சோகத்தை அவர் ஆல்பம் அட்டைகளில் மட்டும் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. நான் ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் எஸ்போவில் குடியிருப்பவள். டிசம்பரில் இங்கே மூன்றேகால் மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். என் அலுவலகத்தில் எதிர் மேசைக்காரர் ஒருவர் இருந்தார். வணக்கம் சொன்னால் தலையசைப்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஒரு டிசம்பரில் அலுவலக விருந்து முடிந்து எல்லோருமாக ஹெல்சிங்கியின் கல்லியோ பகுதியில் ஒரு கரோக்கே விடுதிக்குப் போனோம். இந்த மனிதர் ஜாக்கெட்டின் ஜிப்பைக்கூட இறக்காமல் மேடையேறினார். பூட்ஸில் ஒட்டியிருந்த பனி உருகி, அவர் காலடியில் சின்னக் குட்டையாகத் தேங்கியது. அவர் பாடியது 'சாத்துமா', உந்தோ மொனொனென் 1955இல் எழுதிய டாங்கோ நடனப் பாட்டு. கடலுக்கு அப்பால் ஓர் இனிய நாடு இருக்கிறது, அங்கே அன்புக்குரியவள் காத்திருக்கிறாள், பறவையைப் போலச் சிறகு இல்லாததால் என்னால் போக முடியவில்லை என்று ஒருவன் ஏங்கும் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு பாடினார். குரல் இரண்டு இடங்களில் பிசிறியது. யாரும் சிரிக்கவில்லை. பாடி முடித்ததும் மைக்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு மறுபடி ஊமையாகிவிட்டார். திங்கட்கிழமை அதே தலையசைப்பு.

பின்லாந்து டாங்கோ பெரும்பாலும் சோகம் தொனிக்கும் மைனர் ஸ்கேலில்தான் இருக்கும். அர்ஜென்டினாவிலிருந்து கிளம்பிய ஒன்றை இவர்கள் தங்கள் குளிருக்கும் மௌனத்துக்கும் ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். செய்னையோக்கி என்ற ஊரில் 1985 முதல் கோடைதோறும் டாங்கோ திருவிழா நடக்கிறது. கிடைக்காத காதல், போய்ச் சேர முடியாத ஊர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பாடப்படும் துக்கம் ஆகியவையெல்லாம் இங்கே அப்பாக்களும் தாத்தாக்களும் பாடியவை. வில்லே வாலோ இந்த மண்ணில் முளைத்தவர். சந்தேகமிருந்தால் 2019இல் அவர் ஏஜென்ட்ஸ் குழுவோடு சேர்ந்து செய்த ஆல்பத்தைக் கேளுங்கள். பின்லாந்துப் பாடகர் ரௌலி பாடிங் சோமெர்யோக்கியின் பழைய பாட்டுகளை அதில் பாடியிருக்கிறார். மெட்டல் கிட்டார் இல்லை, கறுப்பு உடை வேடம் இல்லை, குரலில் இருக்கும் ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. இது பெண் பிள்ளைகளைப் பிடிக்கப் போட்ட தூண்டிலா? மீன் பிடிக்கத் தெரியாதவர்கள்தான் எல்லாவற்றையும் தூண்டில் என்பார்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். சிரித்தவர்களில் பாதிப் பேர் இரவு பதினொரு மணிக்குப் பி.பி.ஸ்ரீநிவாஸ் பாட்டைப் பகிர்ந்து "தூக்கம் வரவில்லை" என்று எழுதுகிறவர்கள். அந்தக் குரலின் மென்மையைப் பற்றிப் பத்தி பத்தியாக உருகுகிறவர்கள். அப்போதெல்லாம் "இது பெண் பிள்ளைகள் கேட்கிற பாட்டு" என்று ஒருவரும் சொல்லவில்லையே? ஆண் உருகினால் இரசனை. நான் உருகினால் வயதுக் கோளாறு.

பின்லாந்துக்குள்ளேயே பாருங்கள். ஊலு நகருக்குப் பக்கத்தில் முஹோஸில் தொடங்கிய சென்டென்ஸ்டு குழுவை அண்ணன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார். எனக்கும் உயிர் அது. உறுமும் குரலில் பாடும் டெத் மெட்டலாகத் தொடங்கி, 1996இல் பாடகர் மாறிய பிறகு மெட்டுக்கும் துக்கத்துக்கும் திரும்பிய குழு. பிரிவு, குடி, தற்கொலை எண்ணம், கல்லறை, இவற்றை விட்டால் அவர்களுக்கு வேறு பாடுபொருளே கிடையாது. 2005இல் தாங்களே நாள் குறித்து, கடைசி ஆல்பத்துக்குச் சவ அடக்கம் என்று பெயர் வைத்து, ஊலுவில் கடைசிக் கச்சேரி நடத்தி முடித்துக்கொண்டார்கள். இதைவிட நாடகத்தனமாக ஒரு மெட்டல் குழு செய்ய முடியுமா? ஆனால் அது "வடக்கத்திய இருள்". அதே காதலையும் அதே சாவையும் மையிட்ட கண்ணோடு அழகான ஒருவன் பாடினால் அது "சர்க்கரை". பாடுபொருளில் வித்தியாசமில்லை, மெட்டில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் முன்வரிசையில்தான் இருக்கிறது. திரும்பத் திரும்ப இதையேதான் சொல்கிறேன், ஏனென்றால் திரும்பத் திரும்ப இதுவேதான் நடக்கிறது.

"அமெரிக்காவின் டைப் ஓ நெகட்டிவ் குழு இதையெல்லாம் முன்பே செய்துவிட்டது" என்பார்கள். செய்தது. வாலோவே அவர்களுக்குக் கடன்பட்டவர்தான். ஆனால் அந்தக் குழுவின் பீட்டர் ஸ்டீல் 1995இல் பெண்களுக்கான ஒரு கவர்ச்சிப் பத்திரிகைக்கு ஆடையில்லாமல் படம் எடுத்துக்கொண்டவர். அதற்குப் பிறகும் உங்கள் மெட்டல் கோயிலில் அவருக்குச் சந்நிதி உண்டு. வாலோ சட்டைப் பொத்தானைக் கழற்றினால் மட்டும் தீட்டா?

"ஹிம்மின் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது" என்பது அடுத்தது. கொஞ்சம் உண்மைதான். இதயம், கல்லறை, முத்தம், சாம்பல் என்று நான்கைந்து சொற்களை மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். 2001 ஆல்பம் எனக்கே சப்பென்றுதான் இருக்கும். ஆனால் 2007இல் வந்த 'வீனஸ் டூம்' ஆல்பத்தைக் கேட்டவர் யாரும் இப்படிப் பேச மாட்டார். அதில் பத்து நிமிடம் ஓடும் பாட்டு ஒன்று இருக்கிறது. அண்ணன் கொண்டாடும் டூம் (மெதுவான, கனத்த மெட்டல்) குழுக்களின் பட்டியலில் பெயரை மறைத்து அதைச் செருகி வைத்தால் கைதட்டுவார் என்று பந்தயம் கட்டத் தயார்.

இதைவிடக் கனமான கேள்வியை ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருந்தார். 2000இல் ஜெர்மனியில் முதலிடம் பிடித்த ஹிம்மின் 'ஜாயின் மீ' சாவுக்கு அழைக்கும் பாட்டு அல்லவா, சின்னப் பிள்ளைகள் கேட்கலாமா என்று. நியாயமான கவலை. நானும் தாய்தான். மனம் உடைந்து இருக்கும் பிள்ளை எதைக் கேட்டாலும் பெற்றவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைத் தாண்டி, ரோமியோ ஜூலியட் கதையைப் பள்ளியிலேயே பாடமாக வைத்திருக்கும் உலகம் இது. சென்டென்ஸ்டு பாட்டின் தலைப்பிலேயே தற்கொலை வந்தது. அப்போது இந்தத் தம்பியின் கவலை எங்கே போயிருந்தது? கோபத்தில் பேசுகிறேன் என்று தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

"தமிழில் எழுத எவ்வளவோ இருக்க, எங்கோ கிடக்கும் பின்லாந்தைப் பற்றி ஏன்?" என்று வருகிறவர்களுக்குப் பதில் இல்லை. வழி அந்தப் பக்கம்.

உண்மையில் என்னைக் குத்தியது அந்த வரிகூட அல்ல. அதற்குப் பிறகு நடந்த தேர்வு. "சரி, ஹிம்மின் ஆல்பங்களை வரிசையாகச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார் அண்ணன். சொன்னேன். "ட்ரம்ஸ் வாசித்தவர் யார்?" காஸ் லிப்ஸ்டிக், 2015இல் விலகினார், அதையும் சொன்னேன். "பரவாயில்லையே" என்றார். பரவாயில்லையே! அன்று பேசிய பதினொரு ஆண்களில் யாரிடமும் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒருவர் பின்லாந்தின் நைட்விஷ் குழுவைச் சுவீடன் என்றார். எல்லோரும் பெருந்தன்மையோடு கடந்து போனார்கள். சரியாகச் சொன்ன எனக்குப் "பரவாயில்லையே". நேரலையில் இருந்த மற்ற நண்பர்கள், என் வீட்டில் சாப்பிட்டவர்கள் உட்பட, ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் தனித்தனியாகச் செய்தி அனுப்பி "நீங்கள் சொன்னதுதான் சரி" என்றார்கள். அந்தச் சரியை ஞாயிற்றுக்கிழமை ஒலிவாங்கியைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

யார் இந்தப் பெண் பிள்ளைகள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். என் மகனின் பகல்காப்பகத்தில் ஓர் ஆசிரியை இருந்தார். குளிர்காலத்தில் இங்கே குழந்தைகளை வெளியே விளையாட அனுப்புவதே பெரிய வேலை. கம்பளிச் சாக்ஸ், உள்ளுடுப்பு, மேலே முழு உடல் பனியுடை, கையுறை என்று வரிசையாக உட்காரவைத்து மாட்ட வேண்டும். அவர் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, உலர்த்தும் அலமாரியிலிருந்து சூடான கையுறைகளை எடுத்து, ஒவ்வொரு பிஞ்சுக் கையிலும் மாட்டிக்கொண்டிருந்தார். முன்கையில் ஹார்ட்டகிராம். இதயமும் ஐமுனை நட்சத்திரமும் ஒன்றாகப் பின்னிய அந்த ஹிம் சின்னம், வாலோ இருபது வயது வாக்கில் வரைந்தது. பச்சை குத்தியது மங்கி நீலம் பாய்ந்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "2017 கடைசி இரவு தவாஸ்தியாவில் இருந்தேன்" என்றார். ஹெல்சிங்கியின் தவாஸ்தியா அரங்கில் ஹிம் விடைபெற்ற கச்சேரி அது, அந்த ஆண்டின் டிசம்பர் 31. வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த குழந்தையின் ஜிப்பைப் பிடித்து மேலே இழுத்தார். பதின்ம வயதில் பிடித்ததை நாற்பதிலும் விடாமல் வைத்திருக்கும் ஒருத்தியை நீங்கள் எந்தத் தேர்வில் உட்காரவைப்பீர்கள்?

பெண்கள் கேட்கிறார்கள். ஆமாம். கூட்டம் கூட்டமாகக் கேட்கிறோம், பச்சை குத்திக்கொள்கிறோம், அழுகிறோம். இதனால் அந்தக் கிட்டாரின் ஒரு தந்தியும் இளகிவிடவில்லை.

அடுத்த ஞாயிறு நேரலைக்கு வருவேன். தலைப்பு தி 69 ஐஸ், என்ட்வைன், கேரன் குழுக்கள் என்று அறிவித்திருக்கிறார்கள், எல்லாமே இந்தச் "சர்க்கரை" வகைதான் என்பதை யாராவது அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். தேர்வு உண்டென்றால் நானும் ஒரு கேள்வி கொண்டு வருகிறேன். சென்டென்ஸ்டில் புதிய பாடகர் பாடிய முதல் ஆல்பம் எது, அண்ணா? கைப்பேசியைப் பார்க்காமல் சொல்லுங்கள்.