கட்டடத்தைப் பற்றிப் படம் எடுப்பதென்றால் முதலில் கட்டடத்தைப் பாருங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய மண்டபமான சேப்பாக்கம் செனட் ஹவுஸ் 1857-இல் கட்டப்பட்டது என்று எங்கள் ஆவணப்படம் தொடங்கியவுடனேயே ஒரு குரல் கம்பீரமாகச் சொல்கிறது. தப்பு. 1857 பல்கலைக்கழகம் தொடங்கிய வருடம். கட்டட வேலை ஆரம்பித்ததே 1874-இல்தான், முடிந்தது 1879-இல். இதை ஸ்கிரிப்டில் எழுதிக் கொடுத்தேன், வாட்ஸப் குரூப்பிலும் போட்டேன், எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அப்புறம் வாய்ஸ் ஓவர் பேசியவன் ஸ்கிரிப்டைத் திறக்காமலே, போனில் முதலில் கண்ணில் பட்ட வருடத்தைப் படித்துவிட்டுப் போயிருக்கிறான். கேட்டால், "விடு, யாரு இதெல்லாம் கவனிக்கப் போறாங்க?" என்கிறான். நான் கவனிக்கிறேன். அந்தக் கட்டடத்தைப் பற்றித் தெரிந்த யாராக இருந்தாலும் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு நாம் சொல்லும் ஒரு வார்த்தையையும் நம்ப மாட்டார்கள்.

இது விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருட பிராஜெக்ட். ஐந்து பேர், ஒரு படம், எல்லோருக்கும் ஒரே மார்க். இந்த ஒரே மார்க்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

முதல் கூட்டத்தில் பேச்சு முழுக்க டிரோன், டிரோன், டிரோன். மேலிருந்து ஒரு ஷாட், கடல் தெரியணும், ஸ்லோமோஷன், பின்னால் தபேலா. டிரோனை நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது, 2021-இலேயே விதிகள் வந்துவிட்டன, பறக்க அனுமதி உள்ள மண்டலமா என்று அரசின் வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் பறக்கவிட வேண்டும் என்று சொன்னால், நான்தான் உற்சாகத்தைக் கெடுக்கிறவளாம். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது "இந்தக் கட்டடத்தை யார் கட்டினது, எதுக்குக் கட்டினாங்க?" என்று கேட்டிருந்தால் நான் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன்.

சொல்வதற்கு எவ்வளவு இருக்கிறது! போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த வடிவம் அது, ஜெயித்தவர் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசோம். நான்கு மூலையிலும் குவிமாடம் வைத்த கோபுரம், சிவப்புச் செங்கல், வண்ணக் கண்ணாடி, கிழக்கு ரோமப் பேரரசின் பைசாண்டியப் பாணியும், இந்திய, இஸ்லாமிய வடிவங்களை ஆங்கிலேயர் சேர்த்துக் கட்டிய இந்தோ சாரசெனிக்கும் கலந்த வேலை. பக்கத்திலேயே ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை. தன் கட்டடம் அந்த அரண்மனைக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறது என்பதை மனதில் வைத்துத்தான் சிசோம் அந்தக் குவிமாடங்களைப் போட்டார் என்பது இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே புரியும். 1937-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் கூடியது இந்தக் கூடத்தில். அந்த ஒன்றை வைத்தே பாதிப் படம் எடுக்கலாம். எங்கள் படத்தில் சட்டமன்றம் என்ற சொல்லே வரவில்லை, நேரம் போதவில்லையாம். ஒரு பெண் சுடிதார் துப்பட்டா பறக்கத் தூண்களுக்கு நடுவே நடந்து போகும் காட்சிக்கு மட்டும் நேரம் இருந்தது.

இதை விடப் பெரிய கொடுமை, எடிட்டில் நடுவே ஒரு குவிமாடம் வருகிறது, அதில் கடிகாரம் இருக்கிறது. அது மாநிலக் கல்லூரி! அதே சாலையில் தெற்கே தள்ளி இருக்கும் வேறு கட்டடம். சிசோம் வடிவமைத்த கல்லூரிதான், ஆனால் நாம் படம் எடுப்பது அதைப் பற்றி அல்லவே. "அழகா இருந்துச்சு, போட்டேன்" என்று பதில் வருகிறது.

அப்புறம் சத்தம். காமராஜர் சாலை ஓரத்தில், பேருந்து ஹாரனும் கடல் காற்றும் சேர்ந்து அடிக்கிற இடத்தில், காலர் மைக்குக்கு மாட்டும் பஞ்சு உறையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவனை என்ன செய்வது? அந்தக் கூடத்தில் மாணவனாகப் பரீட்சை எழுதிய ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர், ரொம்ப வயதானவர், எங்களுக்காக வெயிலில் வந்து நின்று பேசினார். மேலே புறா சிறகடிக்கும் சத்தம் கேட்கும், நிமிர்ந்து பார்த்தால் கூரை எங்கோ இருக்கும், கேள்வித்தாளே மறந்துவிடும் என்றார். பேசும்போது பேனா பிடிப்பதுபோல விரல்களைக் குவித்துக்கொண்டே இருந்தார், கேமராவில் இருந்தவள் அந்தக் கையை எடுக்கவே இல்லை, பின்னால் தெரிந்த கோபுரத்துக்கு ஃபோகஸ் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதில் படத்தில் மிஞ்சியது ஒரே வாக்கியம், அதுவும் பி.ஜி.எம்முக்கு அடியில் பாதி அமுங்கிப் போயிருக்கிறது.

கட்டடங்கள் எப்போதும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறார்கள் போல. 2012 ஜனவரியில் பக்கத்து அரண்மனையின் கலச மஹால் தீப்பிடித்து எரிந்தது, அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவரின் உயிரே போனது. நல்லவேளை, பிறகு அதைச் சீரமைத்தார்கள். ஆனால் இந்த மாதிரிக் கட்டடங்களில் வேலை பார்த்தவர்கள், பரீட்சை எழுதியவர்கள் மனதில் இருப்பதை எந்தப் பொறியாளரும் சீரமைத்துத் தர முடியாது. அவர்கள் பேசும்போதே பதிவு செய்ய வேண்டும். மாணவர்களால் சுலபமாகச் செய்யக்கூடிய வேலை அதுதான், அதைத்தான் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

வாத்தியார்களுக்கும் ஒன்று சொல்கிறேன். படம் முடிந்ததும் ஐந்து பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, யார் எதைத் தேடினீர்கள், யாரிடம் பேசினீர்கள் என்று ஐந்து நிமிடம் கேளுங்கள், எடிட் பண்ணாத ரா ஃபைலைத் திறந்து பாருங்கள். யார் வேலை செய்தது என்று உடனே தெரிந்துவிடும்.

என் குழுவுக்கு: வருடத்தை மாற்றுங்கள், அந்தக் கடிகாரக் குவிமாடத்தை எடுங்கள், இசையைக் குறைத்து சாரின் பேட்டியை முழுசாகப் போடுங்கள். முடியாது என்றால் படத்தின் கடைசியில் என் பெயர் வரக்கூடாது, அதற்காக மார்க் போனாலும் சரி.